கால் அசைவுப் பதிவேடு

நான் சொல்லப்போவது எல்லாம் சரியாக ஞாபகம் இருக்கிறது என்று சத்தியம் செய்ய மாட்டேன். வருஷம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து மூன்றா முப்பத்து நான்கா என்பதிலேயே எனக்குக் குழப்பம். பதிவேட்டில் முதலில் பத்தி போட்டது வலது காலுக்கா இடது காலுக்கா என்பதும் மறந்துவிட்டது. இத்தனைக்கும் கோடு போட்டு அந்தப் பத்திகளைப் பிரித்தவன் நான்தான். சில பேச்சுகளைக் காதால் கேட்டேனா, பிறகு காகிதத்தில் படித்தேனா என்று இப்போது பிரிக்க முடியவில்லை. காகிதமும் என் ஞாபகமும் வேறுபடுகிற இடங்களில் ஞாபகத்தையே எடுத்துக்கொண்டிருக்கிறேன். அந்தக் காகிதங்கள் எப்படி எழுதப்பட்டன என்று எனக்குத் தெரியும்.

அப்போது நான் நாகமலைக்கு மேற்கே ஒரு சர்க்கார் மருந்துச்சாலையில் கம்பவுண்டர். டாக்டர் அனந்தநாராயணன் சொல்வதைக் கலக்கிக் கொடுப்பதும், சொல்லாததை எழுதி வைப்பதும் என் வேலை.

சுற்றுவட்டார ஊர்களில் ஒரு ஜாதி ஆண்கள் அத்தனை பேருடைய கைரேகையும் போலீஸாரிடம் இருந்தது. அவர்கள் குற்றம் செய்திருக்க வேண்டிய அவசியம் இல்லை, பிறந்திருந்தால் போதும் என்று ஒரு சட்டம் இருந்தது. அவர்களில் பெயர் குறிக்கப்பட்டவர்கள் தினமும் இருட்டுவதற்குள் ஊர்ச் சாவடிக்குப் போய், காவலில், விடியும்வரை படுத்திருக்க வேண்டும். இரண்டு முறை பெயர் கூப்பிடுவார்கள். "உள்ளேன்" என்று சொல்ல வேண்டும். இடையில் எழுந்து நடமாடினால் பெயருக்கு எதிரே ஒரு குறிப்பு. மூன்று குறிப்புச் சேர்ந்தால் ஒரு வருஷம் கடுங்காவல். மற்ற நேரங்களில் அவர்கள் சுதந்திர மனிதர்கள்.

காசிமாயன் தன் மனைவி ஒச்சாயியுடன் ஒரு காலை மருந்துச்சாலைக்கு வந்தபோது அவன் பெயருக்கு எதிரே ஏற்கெனவே ஒரு குறிப்பு இருந்தது. முப்பது வயது இருக்கும். தூங்காத கண்.

"என்னய்யா உடம்புக்கு?" என்றார் டாக்டர்.

"காலுதான் சாமி. படுத்தா ஆகமாட்டேங்குது. எலும்புக்குள்ள என்னமோ ஊருது. வலின்னும் சொல்ல முடியலை, அரிப்புன்னும் சொல்ல முடியலை. ஒதறணும், இல்லாட்டி எந்திரிச்சு நடக்கணும். அங்கிட்டும் இங்கிட்டும் பத்து எட்டு வச்சா அமந்துபோகுது. படுத்தா மறுக்கா வந்துருது."

"இப்ப ஊறுதா?"

"இப்ப இல்லீங்க. பொழுதடைஞ்சாத்தான்."

டாக்டர் காலைப் பிடித்துப் பார்த்தார். முழங்காலில் தட்டினார். குண்டூசியால் குத்தினார். அவை உழுகிறவனின் கால்கள். கூப்பிட்ட பக்கம் வந்தன, விட்ட இடத்தில் நின்றன.

"காலில் ஒரு வியாதியும் இல்லையே."

"ராத்திரி பாருங்க சாமி."

"ஆஸ்பத்திரி எட்டு மணியிலிருந்து பதினொரு மணி வரைக்கும். அந்த நேரத்தில் வருகிற வியாதியைத்தான் நான் பார்க்கமுடியும்."

அவர்கள் கேட்டது மருந்துகூட இல்லை. ஒரு சீட்டு. 'இவனுக்குக் காலில் கோளாறு இருக்கிறது, ராத்திரியில் சாவடி முற்றத்தில் பத்து எட்டு நடக்க விடலாம்' என்று டாக்டர் கையெழுத்துப் போட்ட ஒரு சீட்டு. அது இருந்தால் குறிப்பு விழாது என்று யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"கண்ணால் பார்க்காததற்கு நான் எப்படிச் சர்ட்டிபிகேட் எழுதுவேன்?" என்றார் டாக்டர். "ராத்திரி இங்கே வந்து படுக்கச் சொல்லு. பார்க்கிறேன்."

"ராத்திரி சாவடிய விட்டு வந்தா அதுக்கே குறிப்பு விழும் சாமி," என்றாள் ஒச்சாயி. "வாரதுக்கு ஏட்டையா சீட்டுக் குடுக்கணும். ஏட்டையாவக் கேட்டா டாக்டர் சீட்டக் கொண்டா, குடுக்குறேங்குறாரு. நீங்களே ஒருக்கா சாவடிக்கு வந்து பாத்துட்டுப் போனா என்ன?"

"ராத்திரியில் டாக்டர் வெளியே போவதற்கு மூணே காரணம்தான் ரூலில் இருக்கு. காலரா, கஷ்டப் பிரசவம், கொலை."

ஒச்சாயி தன் புருஷனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"கொலைன்னா வருவீகளா?"

டாக்டர் சிரிக்கவில்லை. அவர் எதையும் யோசித்துத்தான் செய்வார். அன்று பகல் முழுவதும் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். வியாதி அவரிடம் வர முடியாது, அவரும் வியாதியிடம் போக முடியாது. ஆகவே வியாதியை எழுதிக் கொண்டுவரச் செய்யலாம். சாவடியில் ராத்திரி விழித்திருப்பவர் ஏட்டு கண்ணுச்சாமி. அவர் கால்களைக் கவனித்து ஒரு பதிவேட்டில் குறித்து அனுப்பட்டும். நான் ஒரு நோட்டில் கோடு போட்டுக் கொடுத்தேன். தேதி, மணி, வலது, இடது, கைநாட்டு.

கண்ணுச்சாமி மனச்சாட்சி உள்ள மனிதர். கொடுத்த வேலையைக் குறைத்துச் செய்து பழக்கம் இல்லை. மறுநாள் காலையில் நோட்டோடு வந்து விறைப்பாக நின்றார்.

"வலது இருநூத்திப் பதினாலுங்க. எடது நூத்தி எண்பத்தேழு. சந்தேகம் ஒம்போது."

"சந்தேகம் என்றால்?"

"ரெண்டு காலும் ஒண்ணா ஆடுச்சுங்க. எந்தக் காலு மொதல்ல ஆரம்பிச்சதுன்னு வெளங்கலை. பொய் எழுதக்கூடாது பாருங்க."

ஒவ்வோர் அசைவையும் சரியாகப் பார்ப்பதற்காக அவர் லாந்தரைக் காசிமாயனின் காலுக்கு மேலே ஒரு கம்பில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். அசைவுக்கு ஒரு தடவை வாய்விட்டு எண்ணினார். சாவடியில் மொத்தம் நாற்பத்திரண்டு பேர். அன்றிலிருந்து நாற்பத்திரண்டு பேருக்கும் தூக்கம் போயிற்று. காசிமாயனுக்குப் பக்கத்துப் பாயில் படுக்கிறவன் பேயாண்டி, அவனுக்கு மைத்துனன் முறை. சிரங்குக் களிம்பு வாங்க வந்தபோது என்னிடம் சொன்னான்.

"மாப்ள காலுக்கு வந்த யோகத்தப் பாருங்க கம்பவுண்டரய்யா. எங்க அப்பன் செத்தப்பக் கூட இம்புட்டு வெளிச்சம் வைக்கலை. 'எலே, ஒன் ரெண்டு காலுக்கும் தனித்தனியாக் கைநாட்டு எடுக்கச் சொல்லுடா, எதுக்குக் கொறை'ன்னேன். சிரிக்க மாட்டேங்குறான். முந்தி நல்லாச் சிரிப்பான்."

பதிவேடு தொடங்கிப் பத்து நாள் ஆயிற்று. எண்கள் கூடிக்கொண்டே போயின. டாக்டருக்கு வியாதியில் நம்பிக்கை வந்துவிட்டது. ஆனால் சீட்டு எழுதவில்லை. வியாதி இருப்பது ருசுவாகிவிட்டதால் இனி அதைக் குணப்படுத்துவதுதான் முறை என்றார்.

"பத்து எட்டு நடக்கவிட்டால் அடங்கிவிடுகிறது என்கிறானே?" என்று நான் ஒரே ஒரு தடவை கேட்டேன்.

"அது சிகிச்சை இல்லை ஓய். வியாதிக்கு இடம் கொடுக்கிறது."

எனக்குப் பேச்சு எப்போதுமே கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். பல சமயம் வருவதற்குள் ஆள் போய்விடுவார்.

முதலில் கடுகு அரைத்துப் பற்றுப் போட்டோம். தோல் வெந்தது, ஊறல் நிற்கவில்லை. பிறகு தொடையிலிருந்து கணுக்கால் வரைக்கும் துணிப்பட்டை சுற்றினோம். பிறகு முழங்காலின் மேல் மணல் மூட்டை வைத்தோம். அசைவுகள் இருநூறாகக் குறைந்தன என்று டாக்டர் சந்தோஷப்பட்டார். ஏட்டைக் கேட்டதில், மூட்டையின் கீழே நடப்பது தனக்குத் தெரியவில்லை, தெரியாததை எழுதவில்லை என்றார். கடைசியில் டாக்டர் நரம்பை அடக்கித் தூங்கவைக்கும் புரோமைடு எழுதினார். நான்தான் கலக்கினேன். அளவைக் கொஞ்சம் கூட்டச் சொன்னார், கூட்டினேன்.

காசிமாயன் அன்று ராத்திரி தூங்கினான். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு வந்த தூக்கம். இரண்டாவது முறை பெயர் கூப்பிட்டபோது அவன் எழுந்திருக்கவில்லை. கண்ணுச்சாமி மூன்று தடவை கூப்பிட்டார். பேயாண்டி தொட்டு எழுப்பப் போனான். பெயர் கூப்பிடும்போது ஒருவனை ஒருவன் தொடக்கூடாது என்று ஒரு ரூல் இருந்ததால் ஏட்டு தடுத்துவிட்டார். பிறகு காசிமாயன் பெயருக்கு எதிரே 'ஆள் இல்லை' என்று எழுதினார்.

அது இரண்டாவது குறிப்பு.

மறுநாள் நோட்டோடு ஏட்டு வந்திருந்த நேரத்தில் ஒச்சாயியும் வந்தாள். ஓடி வந்திருக்க வேண்டும். மூச்சு வாங்கியது.

"கண்ணு முன்னால கெடந்த மனுசன இல்லேன்னு எப்புடி எழுதுனீக ஏட்டையா?"

"கெடந்தான் தாயி. நான் அத மறுக்கலையே. அவன் வாயத் தொறந்து உள்ளேங்கலை. உள்ளேங்காதவன் இல்லைன்னு ரூலு சொல்லுது. நானா சொல்றேன்?"

"அவருக்கு மருந்து குடுத்து மயக்கிப் போட்டது யாரு?"

கண்ணுச்சாமி டாக்டரைப் பார்த்தார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் புட்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"இன்னொரு குறிப்பு விழுந்தா ஒரு வருசம்," என்றாள் அவள். "கடலை வெதைச்சு மூணு வாரம் ஆகுது. களையெடுக்க ஆளில்லை. அந்தக் கால வெட்டிச் சாவடியில வச்சுட்டு மனுசன வீட்டுக்கு அனுப்பிச்சுருங்களேன். உங்களுக்குக் காலுதானே வேணும்?"

டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. கோபத்தில் அவர் மேலிடத்துக்கு எழுதினார். செய்யப்பட்ட சிகிச்சைகள் என்று ஒரு பட்டியலும், பதிவேட்டின் நகலும் இணைத்து அனுப்பினார். மூன்றாவது வாரம் பதில் வந்தது. விசேஷ டிப்டி கலெக்டர் விஸ்வேஸ்வரன் நேரில் வந்து விசாரிப்பார் என்றது.

விசாரணை மருந்துச்சாலையிலேயே நடந்தது. கட்டுப் போடுகிற மேஜைக்குப் பச்சைத் துணி விரித்து அவரை உட்காரவைத்தோம். டாக்டர் பக்கத்தில். காசிமாயன் எதிரே நின்றான். ஒச்சாயியைத் தாழ்வாரத்தில் நிறுத்திவிட்டார்கள். விஸ்வேஸ்வரன் பருத்த மனிதர், மென்மையான குரல். கெட்ட வார்த்தை பேசாதவர். பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"முதல் பத்து நாளில் நாலாயிரத்துச் சொச்சம்," என்றார். "டாக்டர், இதை நீர் அசைவு என்கிறீர். நான் சட்டம் படித்தவன். நான் இதை யத்தனம் என்பேன். காவலில் இருக்கிறவன் காலை ஒரு தடவை தூக்குவது எதற்கு? போவதற்கு. நாலாயிரம் தடவை போக யத்தனித்திருக்கிறான். போகவில்லை என்பது கண்ணுச்சாமியின் திறமை."

ஏட்டு விறைத்து நின்றார்.

"சாமி, நான் எங்க போறேன்?" என்றான் காசிமாயன். "எங்க வீடு சாவடிக்குப் பின்னாலதான இருக்கு. முத்தத்துல நடந்துட்டு மறுக்காப் படுத்துக்குறேன்."

"இவர்களைக் கொடுமைப்படுத்துகிறோம் என்று மதுரையில் சில வக்கீல்கள் பேசுகிறார்கள்," என்று விஸ்வேஸ்வரன் டாக்டரிடம் தொடர்ந்தார். "நாம் இவர்களிடம் என்ன கேட்கிறோம்? தூங்கச் சொல்கிறோம். அவ்வளவுதான். உலகத்தில் எந்த ராஜாங்கம் தன் பிரஜை நேரத்துக்குப் படுக்க வேண்டும் என்று இவ்வளவு அக்கறை எடுத்துக்கொண்டிருக்கிறது? என் தகப்பனார்கூட எனக்காக இத்தனை ஆள் போட்டதில்லை. காவல் இருக்கிறது, விளக்கு இருக்கிறது, இப்போது மருந்தும் கொடுக்கிறோம். படுக்கமாட்டேன் என்றால் அது வியாதியா? சுபாவம்."

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். அந்தரங்கமாகப் பேசுகிற குரல்.

"உம்மிடம் சொல்வதற்கென்ன. எனக்கே இது உண்டு. ஆறேழு வருஷமாய். படுத்தால் கால் இரண்டும் என்னுடையதாக இருப்பதில்லை. பட்டணத்தில் பெரிய டாக்டரிடம் காட்டினேன். மூளைக்கு வேலை அதிகம், அதனால் நரம்பு களைத்துக் காலில் இறங்குகிறது என்றார். எழுந்து நடமாடும், அதற்கு மேல் மருந்தில்லை என்றார். பங்களா வராந்தாவில் தினம் நாற்பது சுற்று நடக்கிறேன். சம்சாரம் காலைப் பிடித்துவிடுவாள். அப்புறம் தூங்கிவிடுவேன்."

காசிமாயன் முகம் மலர்ந்துவிட்டது. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. தன்னைப் போல் ஒருவர் இருக்கிறார், அவரே அதிகாரியாக வந்திருக்கிறார் என்று அவன் நினைத்துவிட்டான்.

"ஆமாஞ்சாமி, அதேதான். நாப்பது வேணாம், பத்து போதும்."

"ஆனால் எனக்கு மூளை வேலை," என்றார் விஸ்வேஸ்வரன். "இவனுக்கு என்ன வேலை? கடலைக்காட்டில் களைவெட்டுகிறவனுக்கு நரம்பு எப்படிக் களைக்கும்? அடையாளங்கள் ஒன்றாக இருக்கலாம். வியாதி ஒன்றாக இருக்க முடியாது."

டாக்டர் அனந்தநாராயணன் அதைக் குறித்துக்கொண்டார். நல்ல வித்தியாசம் என்றுகூடச் சொன்னார்.

உத்தரவு இரண்டு நாளில் வந்தது. ராத்திரியில் கால்களை அசையவிடாமல் வைக்கும் சிகிச்சை ஒரு மாதத்துக்குச் செய்ய வேண்டும். தாலுகா கச்சேரியின் பின்கட்டில் பழைய தொழுமரம் ஒன்று கிடந்தது. இரண்டு பெரிய மரத்துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, நடுத்துளைகளில் குற்றவாளியின் காலை மாட்டிப் பூட்டுவது. அந்த மாதிரித் தண்டனையைச் சர்க்கார் காட்டுமிராண்டித்தனம் என்று நிறுத்திப் பல வருஷம் ஆகியிருந்தது. அதனால் அதை அப்படியே உபயோகிக்க முடியாது. மருந்துச்சாலைக்கு அனுப்பினார்கள். நான் அதற்கு வெள்ளை வர்ணம் பூசி, ஓரத்தில் சிவப்பில் ஒரு கூட்டல் குறி போட்டு, உபகரணங்களின் பட்டியலில் 'கால் தாங்கி, மரம், ஒன்று' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். துளைகளுக்குப் பஞ்சு வைத்தேன். அதை ஒரு தயவு என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தி நேரத்தில் நானே போய் மாட்டினேன். சிகிச்சை என்பதால் போலீஸார் செய்யக்கூடாதாம். காசிமாயன் காலை நீட்டினான். பூட்டிவிட்டுத் திரும்பும்போது பேயாண்டி மட்டும் சொன்னான்.

"கம்பவுண்டரய்யா, பாத்துப் போங்க. இருட்டுல கால் எடறிரும்."

அந்த மாதம் பதிவேட்டில் வலது சூன்யம், இடது சூன்யம் என்று வந்துகொண்டே இருந்தது. கண்ணுச்சாமி சூன்யங்களை அழகாக எழுதுவார். இன்னொரு பத்தியும் அவரே போட்டிருந்தார். அதில் 'கத்தல்' என்று எழுதி எண் போட்டிருந்தார். அது கால் அசைவில் சேராது என்று டாக்டர் அடித்துவிடச் சொன்னார். அடித்தேன். கணுக்கால் இரண்டிலும் பஞ்சைத் தாண்டிப் புண் வைத்தது. காலையில் வந்து களிம்பு போட்டுக்கொள்வான். சீழ் நாற்றத்துக்கு டாக்டர் ஜன்னல் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்வார். காசிமாயன் என்னிடம் ஒன்றும் கேட்கமாட்டான். ஒச்சாயியும் வருவதை நிறுத்திவிட்டாள். களையெடுப்பு நடந்துகொண்டிருந்தது.

மாத முடிவில் டாக்டர் பூரண குணம் என்று அறிக்கை அனுப்பினார். அவர் நல்ல எண்ணத்தில்தான் அனுப்பினார் என்று நினைக்கிறேன். விஸ்வேஸ்வரன் அதை ஆழ்ந்து படித்திருக்கிறார். அவர் எழுதிய உத்தரவு எனக்கு ஏறக்குறைய மனப்பாடம். 'முப்பது நாள் ஒரு முறைகூட அசையாமல் இருக்க இவனால் முடிந்திருக்கிறது. முடிகிறவன் முன்பு அசைந்தது வேண்டுமென்றேதான். ஆகவே முன்னால் இருந்தது வியாதி அல்ல, நடிப்பு. சர்க்கார் மருந்தை வீணாக்கியதும் சேர்த்து, மூன்றாவது குறிப்பாக இதைக் கொள்ளலாம்.'

ஒரு வருஷம் போட்டார்கள்.

இதில் ஒரு விசித்திரம் நடந்தது. மதுரை ஜெயிலில் அமைதியான கைதிகள் சிலரை ராத்திரிக் காவலுக்கு வைப்பார்கள். கையில் ஒரு விளக்கைக் கொடுத்து, கொட்டடிக்குள் விடியும்வரை மேலும் கீழும் நடக்கச் சொல்வார்கள். உட்கார்ந்தால் தண்டனை. காசிமாயனுக்கு அந்த வேலை கிடைத்துவிட்டது. ராத்திரி முழுதும் நடந்தான், பகலில் படுத்துத் தூங்கினான். புண் ஆறியது. நன்னடத்தைக்காக இரண்டு மாதம் முன்னதாகவே விட்டுவிட்டார்கள். உடம்பு தேறி, கன்னத்தில் சதை போட்டு ஊருக்கு வந்தான். வந்த அன்று இருட்டுவதற்குள் சாவடியில் பெயர் கூப்பிட்டார்கள். பழைய வழக்கப்படி 'கால் தாங்கி'யை மாட்டினார்கள். உத்தரவில் ஒரு மாதம் என்று இருந்தாலும், அதைக் கழற்று என்று உத்தரவு எதுவும் வரவில்லை. இந்தத் தடவையும் நானே பூட்டினேன்.

நான்கு நாள் கழித்துப் புருஷனும் பெண்சாதியும் மருந்துச்சாலைக்கு வந்தார்கள். டாக்டர் இன்னும் வரவில்லை.

"சாமி," என்றான் காசிமாயன். "அங்கன எனக்குச் சொகமா இருந்துச்சு. நடக்க விட்டாக. திரும்ப அங்கிட்டுப் போறதுக்கு என்ன செய்யணும்? மூணு குறிப்பு விழுற வரைக்கும் காத்துக் கெடக்க முடியாது."

நான் ஒச்சாயியைப் பார்த்தேன்.

"நாந்தான் போகச் சொல்றேன்," என்றாள். "இங்க மாட்டிக் கெடந்து கத்துறதக் கேக்க முடியலை. வீடு சாவடிக்குப் பின்னால இருக்கு. புள்ள காதப் பொத்திக்கிட்டுத் தூங்குது. அங்க போயி நடந்துக்கிட்டாவது கெடக்கட்டும்."

ராத்திரியில் ஊர் எல்லையைத் தாண்டினால் ஒரே தடவையில் ஜெயில் கிடைக்கும் என்று சொன்னேன். அந்த ஒரு விஷயத்தில்தான் அவர்கள் கேட்டதற்கு நேராகப் பதில் சொன்னேன்.

அன்று சாயங்காலம் காசிமாயன் சாவடிக்குப் போகவில்லை. ஊரிலிருந்து மதுரைக்குப் போகும் ரஸ்தாவில் நடந்தான். ராத்திரி முழுவதும் நடந்து, விடிகிற நேரத்தில் ஜெயில் வாசலுக்குப் போய், காவல்காரனிடம் கதவைத் திறக்கச் சொன்னான். வாரண்டு இல்லாமல் உள்ளே விட முடியாது என்று அவன் விரட்டிவிட்டான். வாசலிலேயே மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தவனைப் போலீஸார் வந்து பிடித்துப் போனார்கள். விஸ்வேஸ்வரன் இரண்டு வருஷம் போட்டார். பதினாறு மைல் நடந்த கால்களில் வியாதி இருந்ததே இல்லை என்பது இப்போது சந்தேகமறத் தெளிவாகிவிட்டது என்று எழுதினார்.

ஆனால் ஜெயிலில் ஒரு ரூல் இருந்தது. எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன் என்று நம்ப விரும்புகிறேன். இரண்டாம் தடவை வருகிற கைதிக்கு ராத்திரிக் காவல் கொடுப்பதில்லை. அவன் மற்றவர்களோடு வரிசையில் படுத்திருக்க வேண்டும். எழுந்தால், எழுதிக்கொள்வார்கள்.

காசிமாயன் பதினோராவது மாதம் ஜெயிலில் சீதபேதியில் செத்தான். விஸ்வேஸ்வரன் சர்க்கார் கொடுத்த கௌரவப் பட்டம் வாங்கி, ஓய்வுபெற்று, கோடைக்கானலில் நீண்ட வராந்தா உள்ள வீடு கட்டிக்கொண்டார். டாக்டர் அனந்தநாராயணன் இந்த விஷயம்பற்றி ஒரு கட்டுரை எழுதினார், அச்சாகவில்லை. கண்ணுச்சாமி சப் இன்ஸ்பெக்டர் ஆனார். பேயாண்டி நாற்பத்தேழில் சட்டத்தை எடுக்கும்வரை சாவடியில் படுத்தான். நான் சோழவந்தானுக்கு மாற்றலாகி அங்கேயே இருந்துவிட்டேன். ஒச்சாயி கடலைக்காட்டை விற்காமல் வைத்திருந்து, பிள்ளையை வளர்த்து, நாற்பத்தொன்பதில் இறந்துபோனாள். எனக்குத் தகவல் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நான் போகவில்லை.